ஒரு நிமிடம் என்பது 90 அடி

தக்கலை,
ஆடி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே அனைவரும் நலம். சாரல் விடாமல் பெய்வதால் அம்மாவின் முழங்கால் வலி சற்றுக் கூடியிருக்கிறது. கிணற்றடியில் நிற்கும் ஏத்தன் வாழைக் குலை ஓணத்துக்கு நீ வருவதற்குள் முற்றிவிடுமா என்று அவள் நாள்தோறும் போய்த் தொட்டுப் பார்த்து வருகிறாள். கைப்பேசியில் சொல்லிவிடக்கூடிய செய்திகள் இவ்வளவுதான். மீதியை எழுதித்தான் சொல்ல முடியும் என்று தோன்றியதால் உட்கார்ந்தேன்.

சித்திரை விடுமுறைக்கு வந்தபோது நீ என்னைத் திண்ணையில் உட்கார வைத்து, அரிசி அளக்கும் நாழியின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, "முப்பது வருடம் தியேட்டரில் படம் ஓட்டியதைப் பற்றி ஒரு நிமிடத்துக்குள் சொல்லுங்கள் அப்பா, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாய். நான் பதில் சொல்லாமல் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன். அன்று முழுவதும் நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவுக்கு வெட்கம் என்று அம்மா உன்னிடம் சமாதானம் சொன்னாளாம். வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை, மக்களே. ஒரு நிமிடம் என்று நீ சொன்னதும் என் மனம் பழைய பழக்கத்தில் அதை அடிக்கணக்காக மாற்றிப் பார்த்தது. இடறியது அங்கேதான்.

எங்கள் தொழிலில் ஒரு நிமிடம் என்பது 90 அடி. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 படங்கள் இருக்கும். விநாடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். ஆகவே விநாடிக்கு ஒன்றரை அடி, நிமிடத்துக்கு 90 அடி. நம் வீட்டு நடையிலிருந்து கிணற்றைத் தாண்டிச் சாலை வரை விரித்தால் தீர்ந்துவிடும் நீளம் அது. இரண்டே முக்கால் மணி நேரப் படம் என்றால் ஏறக்குறைய 15,000 அடி, அதாவது இங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடந்து போய்த் திரும்பும் தூரம். அதை ஆயிரம் அடி ஆயிரம் அடியாகத் தகர டப்பாக்களில் சுற்றி, இரும்புப் பெட்டியில் அடுக்கி, பேருந்தின் கூரைமேல் ஏற்றி அனுப்புவார்கள். நீ இன்று ரீல்ஸ் என்று சொல்கிறாயே, எங்களுடைய ஒரு ரீல் பதினோரு நிமிடம் ஓடும். இரண்டு இயந்திரங்களை மாற்றி மாற்றி ஓட்டுவோம். ஓடுகிற ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறையும். உடனே அடுத்த இயந்திரத்தின் மோட்டாரை முடுக்க வேண்டும். இரண்டாவது புள்ளியில் வெளிச்சத்தை மாற்ற வேண்டும். அந்தப் புள்ளிகளையும், வெளிச்சத்துக்காக எரிந்து குறையும் கார்பன் குச்சிகளையும் பார்த்துக்கொண்டே இருந்ததால், நூறு நாள் ஓட்டிய படத்தின் கதைகூடச் சில சமயம் எனக்கு முழுதாகத் தெரியாது. சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

சினிமா எங்களைக் கெடுக்கவில்லை, உங்கள் கைப்பேசிதான் உங்களைக் கெடுக்கிறது என்று சொல்லும் முதியவர்களின் வரிசையில் நான் நிற்கப் போவதில்லை. அந்த இரும்புப் பெட்டியோடுதான் சட்டைக் கழுத்தின் அளவும், கிருதாவின் நீளமும், கல்யாண வீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்க வேண்டிய விதமும் ஊருக்குள் வந்து இறங்கின. பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரும் அப்படித்தான். உன் பெயரும் அந்த வகையில் வந்ததுதான் என்பதை உன் அம்மா இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. என்னையே எடுத்துக்கொள். பாரதிராஜா முட்டத்தில் எடுத்த படம் 1981-இல் வெளிவந்தது. அதற்கு முன் முட்டம் என்றால் எங்களுக்கு மீன் வரும் ஊர், அவ்வளவே. இருபது கிலோமீட்டருக்குள் பிறந்து வளர்ந்தவனாகிய நான் அந்தப் பாறைகளை முதன்முதலாகத் திரையில்தான் பார்த்தேன், அதுவும் ஆபரேட்டர் அறையின் சிறிய சதுரத் துவாரம் வழியாக. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்த பிறகு நான் கடலைப் பார்க்கவில்லை. கேமரா எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், நான் வாயைத் திறக்கும் முன்பே, இடத்தைக் கையால் சுட்டிக்காட்டினார். என்னைப் போல் எத்தனை பேருக்குக் காட்டினாரோ!

பிறகு தொலைக்காட்சி வந்தது. மூங்கிலைத் தென்னையோடு சேர்த்துக் கட்டி, ஆன்டெனாவைத் திருவனந்தபுரத்தின் பக்கம் ஒரு நேரமும், இலங்கை ரூபவாகினிக்காக ஒரு நேரமுமாகத் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது. 1993-இல் சன் தொலைக்காட்சி தொடங்கி, மாலைத் தொடர்கள் பெருகிய பின், முதல் காட்சிக்குப் பெண்கள் வருவது குறைந்தது. வீடுகளில் சோறு பரிமாறும் நேரத்தை விளம்பர இடைவேளை முடிவு செய்தது. அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, நீயே அதற்குள் வளர்ந்தவள்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நானும் வெட்டியவன்தான்.

ஆபரேட்டர் அறையிலிருந்து பார்த்தால் முகங்கள் தெரியா, தலைகளின் பின்புறம்தான் தெரியும். எந்த இடத்தில் தலைகள் அசையாமல் இருக்கின்றன, எந்த இடத்தில் வரிசை வரிசையாக எழுந்து பீடி பிடிக்க வெளியே போகின்றன என்பது இரண்டாம் நாளே எங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு படத்தில், இடைவேளைக்குப் பிறகு மெதுவாகப் போகும் ஒரு பாட்டுக்குக் கூட்டம் எழுந்து போயிற்று. அது பெரிய ஊர்களில் ஓடித் தேய்ந்து கடைசியாக எங்களிடம் வந்த பிரிண்ட். இரண்டாம் காட்சியும் நேரத்தோடு முடிய வேண்டும், கடைசிப் பேருந்தும் இருக்கிறது. பாட்டை எடுத்துவிடு என்றார் முதலாளி. கத்தரித்து, இரு முனைகளையும் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்னும் பசையைத் தடவி ஒட்டினேன். மொத்தம் 400 அடி இருக்கும். அன்று யாரும் வெளியே போகவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் மேட்னி முடிந்ததும், கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்த ஒருவர் இரும்புப் படியேறி என் அறை வாசல் வரை வந்தார். அவர் அந்தப் படத்துக்கு நான்காவது முறையாக வந்திருந்தார். சத்தம் போடவில்லை. "அந்தப் பாட்டு இன்றைக்கு வரவில்லையே?" என்று மட்டும் கேட்டார். வெட்டிய சுருள் எனக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "பிரிண்டே அப்படித்தான் வந்திருக்கிறது" என்றேன். அவர் அந்தச் சுருளைப் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். அவருடைய இரண்டு தோள்களிலும் நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு பெட்டியை அவசரமாகப் பேருந்தில் ஏற்றியபோது அந்தத் துண்டைத் திரும்ப ஒட்டி அனுப்பவும் நான் மறந்துபோனேன்.

உன் வேலையைப் பற்றி நீ எனக்கு ஒருமுறை விளக்கினாய். ஒருவர் ஒரு வீடியோவில் எத்தனை விநாடி நிற்கிறார், எந்த இடத்தில் தள்ளிவிட்டுப் போகிறார் என்பது உங்களுக்குக் கோடு போட்டுக் காட்டப்படும். முதல் மூன்று விநாடிக்குள் ஆளைப் பிடித்து நிறுத்த வேண்டும். பேச்சின் நடுவே விடும் மூச்சைக்கூட வெட்டிவிடுவோம் என்றாய். கேட்டபோது நான் சிரித்தேன், ஏனென்றால் அது என் சதுரத் துவாரம்தான். நான் தலைகளை எண்ணினேன், நீங்கள் விரல்களை எண்ணுகிறீர்கள். நீ என் தொழிலுக்குத்தான் வாரிசாக வந்திருக்கிறாய். ஆனால் ஒரு வேறுபாடு என் மனத்தை அறுக்கிறது. நான் வெட்டியது அறுநூறு பேருக்குச் சேர்த்து ஒரே வெட்டு. காணாமல் போனதைக் கண்டுபிடித்தவர் படியேறி வந்து கேட்க முடிந்தது. இப்போது ஆளுக்கு ஒரு திரை, ஆளுக்கு ஒரு தேர்வு. நம் வீட்டில் இரவு எட்டு மணிக்கு அம்மா ஒன்றைப் பார்க்கிறாள், நான் ஒன்றைப் பார்க்கிறேன், பக்கத்து வீட்டுப் பையன் நம் திண்ணையில் உட்கார்ந்து வேறொன்றைப் பார்க்கிறான். தனக்குக் காட்டப்படாமல் போனது எது என்று மூவரில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தாலும், போய்க் கேட்பதற்கு எங்கே இருக்கிறது படிக்கட்டு?

துண்டு துண்டாகப் பார்ப்பதால் வரும் கேடு எனக்கே நேர்ந்திருக்கிறது. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்தபோது நீ இங்கே இல்லை. ரப்பரும் வாழையும் முறிந்து, மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். சில நாள் கழித்து, ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில் கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றியவுடன் வந்து விழுந்தவற்றில் ஒரு வீடியோ இருந்தது. கடல் சுவர்போல் எழுந்து படகுகளைப் புரட்டிப்போடும் காட்சி. கீழே குளச்சல் என்று எழுதியிருந்தது. தெரிந்த அனைவருக்கும் அனுப்பினேன். அவர்களில் ஒருவர் எங்கள் தியேட்டரில் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர். அவருடைய தங்கை மகன் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். அவர் என்னை அழைத்துப் பேச முடியாமல் அழுதார். அதன் பிறகே நான் அந்த வீடியோவை இரண்டாம் முறை பார்த்தேன். படகில் எழுதியிருந்தது தமிழும் அல்ல, மலையாளமும் அல்ல. முப்பது வருடம் திரையைப் பார்த்த கண் அதைப் பார்க்கவில்லை. நான் ஓட்டிய ஒவ்வொரு படமும் தணிக்கைச் சான்றிதழோடுதான் தொடங்கும். படத்தின் பெயர் என்ன, எத்தனை ரீல், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அது இல்லாத சுருளை இயந்திரத்தில் ஏற்றவே மாட்டோம். ஆனால் தலையும் வாலும் இல்லாத இந்த வீடியோத் துண்டை, அது எங்கே எடுத்தது என்று கேட்காமல், நானே ஊருக்கு ஓட்டிக் காட்டியிருக்கிறேன். அடுத்த ஆண்டு வாட்ஸ்ஆப்பில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அனுப்ப முடியாதபடி செய்தார்கள். அந்த ஐந்து பேரிலும் ஒருவராக அவர் இருந்திருக்கக்கூடுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. பையன் லட்சத்தீவில் கரையேறி உயிரோடு வந்துவிட்டான். அவர் அதைப் பற்றி என்னிடம் பிறகு பேசியதே இல்லை.

நல்லதும் இருக்கிறது, அதை மறைத்து எழுதினால் அதுவும் ஒரு வெட்டுதான். நம் கோவில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு நடந்தபோது, கமிட்டிக்காரப் பையன் ஒருவன் மூன்று மணி நேரமும் அசையாமல் கைப்பேசியைப் பிடித்து நேரலையாகக் காட்டினான். ஷார்ஜாவில் இருக்கும் உன் பெரியப்பா மகன் இரவுப்பணி முடிந்து அறைக்கு வந்து, கடைசி வாழ்த்துப் பாடும் வரை பார்த்ததாகச் சொன்னான். புலவர் குடத்தில் தாளம் தட்டிக்கொண்டு பேச்சை இழுத்தது, மைக் இரைந்தது, நடுவில் மழைக்கு ஒதுங்கி எல்லாரும் சும்மா நின்றது, அனைத்தும் அதில் இருந்தன. அப்படியும் அந்தக் கருவியால் முடிகிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போன வாரம் போயிருந்தேன். 115 அடி உயரத்தில் நின்று எத்தனையோ பிள்ளைகள் தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண், கைப்பேசியைத் தாழ்த்தி, "இந்தத் தொட்டி எதற்குத் தாத்தா?" என்று என்னிடம் கேட்டாள். 1966-இல் கட்டியது, ஒரு மலையிலிருந்து மறுமலைக்கு ஆற்றின்மேல் வயலுக்குத் தண்ணீர் போகும் பாதை அம்மா இது என்று நான் சொல்லி முடிக்கும் வரை அவள் கேட்டாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. கேட்பவர்கள் இல்லாமல் போய்விடவில்லை.

ஆகவே ஓணத்துக்கு வரும்போது இப்படிச் செய்வோம். முதல் இரண்டு மாலைகள் கைப்பேசி உள்ளே அலமாரியில் இருக்கட்டும். நான் பேசுகிறேன், நீ கேள். மூன்றாம் நாள் அதை நாழியின்மேல் சாய்த்து வை. எத்தனை அடி வேண்டுமானாலும் ஓடட்டும். சொல் கிடைக்காமல் நான் விழிக்கும் இடங்களை வெட்டாதே, பின்னால் வயலின் இசையைச் சேர்க்காதே. அதன் பிறகு உன் ஒரு நிமிடத்தை நீ எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முழுதும் உன்னிடம் இருக்க வேண்டும்.

அந்த 400 அடி இன்னும் நம் வீட்டில்தான் இருக்கிறது. பரணில் இருந்த டப்பாவை நேற்று இறக்கித் திறந்தேன். வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது. பிலிம் கெடத் தொடங்கினால் அப்படித்தான் நாறும். நிறமெல்லாம் போய் முழுவதும் சிவப்பேறியிருக்கிறது, ஓரங்களும் சுருங்கிவிட்டன. இனி எந்த இயந்திரத்திலும் ஓடாது. வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு படமாகப் பார்க்கலாம். என் கண்ணுக்கு இப்போது தெரிவதில்லை. வரும்போது நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வா.

பலாச்சக்கை வத்தல் பொரித்து வைத்திருக்கிறாள் அம்மா. பேருந்தில் வருவதாக இருந்தால் எத்தனை மணிக்கு இறங்குவாய் என்று முன்கூட்டியே சொல், நிறுத்தத்துக்கு நான் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா