முழுக்க நனையவில்லை நீ

அன்புத் தங்கைக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். எடை மெஷினில் 78.6. ஓரத்தில் உன் கால் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. கீழே ஒரே வரி: "முழுக்க நனைஞ்ச பிறகு முக்காடு எதுக்குக்கா, விட்டுடறேன்." அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒன்பது நாள் வேலை நெருக்கடி. நடையும் போச்சு, வேளாவேளைச் சாப்பாடும் போச்சு, 2.4 கிலோ ஏறிவிட்டது என்கிறாய். ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால் தேவைக்கு மேல் தோராயமாக 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஏறியது அத்தனையும் கொழுப்பென்றால் அந்த ஒன்பது நாளும் தினம் 2,000 கலோரிக்கு மேல் நீ கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். உன் சாப்பாட்டோடு இன்னொரு ஆளின் சாப்பாட்டையும் சேர்த்து, தினமும்! நீ அப்படிச் சாப்பிடவில்லை. ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாக மாற்றித் தசையிலும் கல்லீரலிலும் வைத்துக்கொள்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். நீ குறைத்துச் சாப்பிட்ட மாதங்களில் வற்றியிருந்த இருப்பு இப்போது நிரம்பியிருக்கிறது. உப்பு கூடினால் இன்னும் கொஞ்சம் நீர் தங்கும். ஆரம்பத்தில் முதல் வாரமே மளமளவென்று இறங்கியதென்று சந்தோஷப்பட்டோமே, அதிலும் கணிசமான பங்கு இதே தண்ணீர்தான்.

எனக்கு அந்த 2.4 கிலோவைப் பற்றிப் பயமில்லை. பயமெல்லாம் அந்தப் பழமொழியைப் பற்றித்தான். 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமை இஷ்டம்போல் சாப்பிடச் சொன்னார்கள். கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள், மில்க் ஷேக் உள்ளே போனதால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகுதான் அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'இன்றைக்குக் கெட்டது கெட்டாச்சு' என்ற நினைப்பு. அந்த ஒரு டம்ளர் செய்யாத சேதத்தை அந்த நினைப்பு செய்துவிடுகிறது. நேற்று நீ எழுதியதும் அதே நினைப்புதான்டி.

எனக்குக் கணுக்காலில் தசைநார் கிழிந்து ஆறு வாரம் கிடந்தது நினைவிருக்கிறதா? கட்டைப் பிரித்த பிறகு முதன்முறையாக மூன்றாவது மாடிக்கு ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே மூச்சு வாங்கியது. கைப்பிடிச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன். உன்னிடம்கூடச் சொல்லவில்லை. நான்கு மாதம் பாடுபட்டுச் சேர்த்த பலம் மொத்தமும் போய்விட்டதென்று நினைத்தேன். ஆனால் இரண்டாவது தடவை அதே பலம் வர ஆறு வாரம்தான் ஆனது. பழகிய தசை மறுபடி பழகுவது சீக்கிரம்.

இன்னொன்று. பழக்கம் படிய எத்தனை நாளாகும் என்று லண்டனில் ஃபிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரிடம் பார்த்தார்கள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை. உனக்கு விட்டது ஒன்பது நாள், கொஞ்சம் கூடத்தான். அதற்காக எட்டு மாதம் நடந்த கால் நடையை மறந்துவிடுமா?

ஈடுகட்டுகிறேன் என்று நாளைக்குப் பட்டினி கிடக்காதே, இரண்டு மணி நேரம் ஓடவும் ஓடாதே. பத்து நிமிஷம் நட, போதும். மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடு. இரண்டு வாரம் கழித்து எடுக்கலாம். அப்புறம் தினமும் காலையில் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் எழுதி வை.

ஷூவை இன்று இரவே வாசல் பக்கம் எடுத்து வை. ஆறு மணிக்கு போன் செய்கிறேன். நீ அங்கே நட, நான் இங்கே நடக்கிறேன்; பேசிக்கொண்டே போகலாம்.

அன்புடன்,
அக்கா