சோயாச் செய்கைக்குக் கைகொடுத்த உறவுகளுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

மட்டக்களப்பு கரடியனாற்றுப் பக்கம் சோயா செய்யும் கமக்காரர்கள் சார்பில் எழுதுகிறேன். இந்தச் சிறுபோகத்து விளைச்சல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. அதற்குக் காரணமானவர்களை ஊரறியச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

முதல் நன்றி எங்கள் விவசாயப் போதனாசிரியர் மிஸ்ஸுக்கு. போன சிறுபோகத்தில் கன்றுகள் அங்கங்கே வாடியபோது தண்ணீர் காணாது என்றுதான் பலரும் நினைத்தோம். மிஸ் வெயிலோடு வரப்பில் குந்தி, "இழுத்துப் பிடுங்காதீங்க தம்பியாக்கள், அடியோட தோண்டுங்க" என்றார். தண்டின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சண இழை; அதில் கடுகளவு மண்ணிற உருண்டைகள். அது ஸ்கிளரோட்டியம் என்ற பங்கசு. அந்த உருண்டைகள் மண்ணுக்குள் வருசக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். இலைக்கு மருந்தடித்து என்ன பயன்?

காய் முற்றும் நேரத்தில் காய்ந்த சில கன்றுகளைப் பல்கலைக்கழக விவசாய பீடத்துப் பிள்ளைகள் கொண்டுபோனார்கள். வேரைப் பிளந்தால் உள்ளே கரித்தூள் தூவியதுபோல் இருந்தது. வெக்கையும் வறட்சியும் கூடினால் மக்ரோபோமினா என்ற இன்னொரு பங்கசால் வரும் கரியழுகல் என்று அவர்கள்தான் பார்த்துச் சொன்னார்கள். பிள்ளைகளே, நல்லா இருங்க!

இந்த நோய்களுக்கு எதிராக இம்முறை நாங்கள் நம்பியது ட்ரைக்கோடேர்மாவை. அதுவும் ஒரு பங்கசுதான். ஆனால் நோய்ப் பங்கசின் இழையைச் சுற்றிப் பிடித்து, அதன் சுவரைக் கரைத்துத் தின்றுவிடும். வாடிய கன்றை அது எழுப்பாது, முன்கூட்டியே மண்ணில் இருக்க வேண்டும். அதனால் விதைக்கு முன்பே அதை மக்கிய மாட்டெருவில் கலந்து, கிடுகுக் கொட்டில் நிழலில் ஈரச் சாக்கால் மூடிவைத்தோம். அந்தச் சாக்கு காயவிடாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தது எங்கள் மாதர் சங்க அக்காமார். உண்மையான பாடு அவர்களுடையது. நோய்க் கன்றுகளை அடிமண்ணோடு அள்ளி எரித்ததும் அவர்களே. எரு தந்த பட்டிக்கார மாமாவையும் மறக்க ஏலாது.

நோய் அடியோடு ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். போன முறை வெறுந்தரையாய்க் கிடந்த இடங்களில் இம்முறை காய் பிடித்தது. அதுவே எங்களுக்குப் பெரிசு.

கலந்த எரு இன்னும் மிச்சம் இருக்கிறது. கச்சான் போடுகிறவர்களுக்கும் உதவும், அதையும் இதே ஸ்கிளரோட்டியம் தாக்கும். வேண்டியவர்கள் விதைப்புக்கு முன் வந்து அள்ளிக்கொண்டு போங்கள். பங்கசு நாசினி பூசிய விதையோடு மட்டும் கலக்க வேண்டாம்.

நன்றியுடன்,
கமக்காரர் அமைப்புச் செயலாளர்