‘பார்ட்னர்’ என்று எழுதிவிட்டால் ஆச்சா?

அன்புள்ள முருகேசா,

உன் மூன்று கடிதத்துக்கும் சேர்த்து இது ஒரே பதில். திட்டு பாக்கியை நேரில் வைத்துக்கொள். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் மருமகன் விஷயத்துக்கு வருகிறேன். பார்சல் டெலிவரி வேலையில் இரண்டு மாதக் கூலி நிற்கிறது, கேட்டால் “நீ தொழிலாளி இல்லை, டெலிவரி பார்ட்னர்” என்கிறான் வெண்டர், அதாவது கம்பெனிக்காக ஆள் வைத்து வேலை வாங்கும் கான்ட்ராக்டர். நீயும் “பார்ட்னர் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டானே” என்று புலம்புகிறாய். சங்கத்தில் கொடி பிடித்த ஆள் பேசுகிற பேச்சா இது?

காகிதத்தில் என்ன பெயர் இருந்தாலும், வேலை எப்படி நடக்கிறது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். செகந்திராபாத் சில்வர் ஜூபிலி தையற்கடை வழக்கில் தையல்காரர்களுக்குத் தைத்த உருப்படிக் கணக்கில்தான் கூலி. வேறு கடைக்கும் தைக்கலாம், துணியை வீட்டுக்குக்கூட எடுத்துப் போகலாம். ஆனால் மெஷின் கடையுடையது, தைத்தது சரியில்லை என்றால் தள்ளும் உரிமையும் கடைக்கே. அவர்கள் தொழிலாளிகள்தான் என்று 1973இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1978இல் கோழிக்கோடு கயிற்றாலை வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி போனார்: நடுவில் கான்ட்ராக்டரை நிறுத்தினாலும் திரையை விலக்கி, உண்மையான முதலாளி யார் என்று பார்க்க வேண்டும் என்றார்.

உன் மருமகன் காலை ஏழுக்கு ஹப்பில், அதாவது பார்சல் பிரித்துக் கொடுக்கும் இடத்தில், நிற்க வேண்டும். ரூட் அவர்கள் கொடுப்பது, சட்டை அவர்களுடையது, சொல்லாமல் லீவு போட்டால் ஆப்பில் நுழையும் ஐடி பிளாக். இதற்குப் பெயர் கூட்டாளியா? ஒரு பலவீனம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். பைக்கும் பெட்ரோலும் அவனுடையவை, எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் கட்டுப்பாட்டைக் காட்டும் சாட்சி கனமாக இருக்க வேண்டும்.

அதை இன்றைக்கே செய்யச் சொல். ஐடியை முடக்கினால் ஆப்பில் இருக்கும் கணக்கு மொத்தமும் போய்விடும். தேதிவாரியாக டெலிவரி எண்ணிக்கை, ரன்ஷீட் (அன்றன்றைய டெலிவரிப் பட்டியல்), பிடித்தம் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்கட்டும். ஹப் வாட்ஸாப் குரூப்பை எக்ஸ்போர்ட் செய்து தனக்கே மெயில் போடட்டும். “நாளை வராதவனுக்கு ரூட் கிடையாது” மாதிரி ஒரு வரி பத்துப் பக்க வாதத்துக்குச் சமம். பேங்க் ஸ்டேட்மென்ட் எடுக்கட்டும். வருமான வரிப் பிடித்தத்தைக் காட்டும் படிவத்தில் கான்ட்ராக்டருக்கான பிரிவில் (பழைய வரிச் சட்டத்தில் 194சி) வரி பிடித்திருந்தால் அவனைக் கான்ட்ராக்டராகக் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். பயப்பட வேண்டாம், அதுவும் இன்னொரு காகிதம்தான். போனைத் தொலைத்துவிடாமல் இருக்கச் சொல், மின்னணுச் சாட்சிக்குச் சான்றிதழ் தர வேண்டிவரும்.

கணக்கு இப்படி: பார்சலுக்கு 14 ரூபாய், நாளுக்கு 75 என்றால் 1,050. 26 நாளுக்கு 27,300, இரண்டு மாதத்துக்கு 54,600. காணாமல் போன பார்சல், சிஓடி (வீட்டில் வாங்கும் பணம்) குறைவு என்று பிடித்ததைத் தனியாக எழுதட்டும். ஊதியச் சட்டத்தொகுப்பின் 21ஆம் பிரிவுப்படி, விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் நஷ்டத்தைப் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டவும் கூடாது.

இந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்தது. 45ஆம் பிரிவில் மனு போட மூன்று வருஷம் அவகாசம். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் கேட்கலாம். பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் சுமை முதலாளி தலையில். வெண்டர், கம்பெனி இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். வெண்டரை மட்டும் போட்டால் நாளை போர்டைக் கழற்றிவிட்டுப் போய்விடுவான். மனுவை எந்த அதிகாரியிடம் தருவது என்று தொழிலாளர் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்.

இனி நான் பயப்படும் இடம். “பாதி வாங்கிக்கோ, இனி பாக்கி இல்லை என்று எழுதிக் கொடு” என்று வருவார்கள். இல்லையென்றால் “நீ கிக் தொழிலாளி என்று ஒப்புக்கொள், காப்பீடு உண்டு” என்பார்கள். கிக் தொழிலாளி என்றால், சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவன். காப்பீடு வரலாம், கூலி கேட்கும் வழி அடைபடும். கிக் தொழிலாளிக்கு ஸ்கூட்டர் வாங்க 20,000 மானியம் என்று 2025 தமிழக பட்ஜெட்டில் சொன்னார்களே, அது நல்லதுதான், ஆனால் 54,600க்கு அது ஈடில்லை. எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், முருகேசா. காபி வாங்கிக் கொடுத்தாலும்.

ரன்ஷீட் படங்களை ஞாயிறுக்குள் அனுப்பச் சொல், மனுவை நான் எழுதித் தருகிறேன். ஃபீஸ் வேண்டாம், உங்கள் ஊர் ஜிகர்தண்டா போதும். போன தடவை மாதிரி உருகி வரக்கூடாது.

அன்புடன்,
சேது