கிழட்டு மவுசருக்கு வேகம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 7x57 மவுசர் என்ற பழைய ரைபிள் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத ஆள் கிடைப்பதே அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் மைய வாதத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோட்டா நிரப்புவதற்கான அமெரிக்கக் கையேடுகள் வழக்குக்குப் பயந்து வெடிமருந்து அளவைக் குறைத்துப் போட்டிருக்கின்றன, துணிந்து கூட்டினால் இந்தப் பழைய தோட்டாவும் இன்றைய தோட்டாக்களின் வேகத்தை எட்டிவிடும் என்கிறார் கட்டுரையாளர். நான் பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்குப் போகிறவன். இதே தோட்டாவைப் பல வருடமாக நானே நிரப்பிச் சுடுகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கையேடுகள் தயங்குவதற்குக் காரணம் வக்கீல்கள் மட்டுமல்ல. 1892-ல் மவுசர் உருவாக்கிய தோட்டா இது. அடுத்த வருடமே ஸ்பெயின் ராணுவம் எடுத்துக்கொண்டது. 1898-ல் கியூபாவின் சான் ஹுவான் குன்றில் அமெரிக்கர்களைத் திணற வைத்ததும், அதற்கடுத்த வருடம் தொடங்கிய போரில் தென்னாப்பிரிக்காவின் பூவர்கள் பிரிட்டிஷ் படையைத் தூரத்திலிருந்தே அடித்ததும் இந்தத் தோட்டாவைக் கொண்டுதான். தென் அமெரிக்க நாடுகள் பலவும் இதை வாங்கின. அந்த ராணுவ ரைபிள்கள் பின்னாளில் சல்லிசான விலைக்கு அமெரிக்கச் சந்தையில் வந்து குவிந்தன. இன்றும் யார் வீட்டுப் பரணிலாவது 1893 அல்லது 1895 மாடல் ஒன்று கிடக்கும். அவற்றின் போல்ட்டில், அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளையில், முன்பக்கம் இரண்டு பூட்டுப் பற்கள் மட்டும்தான். பின்னால் ஒரு மூன்றாவது காப்புப் பல்லும், தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்தால் வாயுவைச் சுடுபவர் முகத்திலிருந்து விலக்கும் நல்ல அமைப்பும் 1898 மாடலில்தான் வந்தன. தோட்டா நிரப்பும் கம்பெனிக்கு அது எந்த ரைபிளில் நுழையப் போகிறது என்று எப்படித் தெரியும்?

அதனால்தான் அமெரிக்கத் தர அளவு இந்தத் தோட்டாவுக்கு 51,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஐரோப்பிய சி.ஐ.பி. அளவு 3,900 பார், அதாவது ஏறத்தாழ 56,500 பி.எஸ்.ஐ. இரண்டு கையேடுகளில் இரண்டு உச்ச அளவு இருப்பது இதனால்தான். நல்ல நிலையில் உள்ள 98 மாடலோ புதிய ரைபிளோ வைத்திருப்பவர் ஐரோப்பியக் கையேட்டைப் பின்பற்றினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் கையேட்டிலும் இல்லாத அளவைக் கட்டுரையாளர் அட்டவணையாகவே போட்டிருக்கிறார். எந்த வருட ரைபிள், எந்தக் குண்டு, யார் செய்த கூடு என்று ஒரு வரிகூட இல்லை. இந்தக் கடிதத்தில் நான் எந்த அளவையும் எழுதப் போவதில்லை. மருந்துக் கம்பெனியின் கையேட்டைப் பார்த்து, அதில் உள்ள தொடக்க அளவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதுதான் முறை.

பிரைமர், அதாவது கூட்டின் அடியில் தீ மூட்டும் சிறு மூடி, தட்டையாகும் வரை கூட்டலாம் என்றும் எழுதியிருக்கிறார். பிரைமர் என்ன அழுத்தமானியா? மெல்லிய பிரைமர் சீக்கிரம் தட்டையாகும், தடித்தது கடைசி வரை உருண்டையாகவே நிற்கும். போல்ட் இறுகித் திறக்க மறுக்கிறது, கூட்டின் அடியில் பளபளவென்று எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் உறுப்பு) தடம் விழுகிறது என்றால் பல சமயம் 51,000-ஐ எப்போதோ தாண்டியாகிவிட்டது. நல்ல இரும்பு அதைத் தாங்கிக்கொள்ளும். 1895-ல் செய்த இரும்பைப் பற்றி எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

கட்டுரையில் அறவே விடுபட்டுப் போனது கூட்டின் கதை. பழைய மவுசர்களில் தோட்டா உட்காரும் சேம்பர் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும். சுட்டவுடன் பித்தளை அந்த இடத்தை நிரப்ப முன்னால் நீளும். அப்புறம் கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சான சைஸிங் டையை அடிவரை இறக்கி, கூட்டின் கழுத்துக்குக் கீழே சரியும் தோள்பட்டையைப் பழைய இடத்துக்கு அழுத்தித் தள்ளுவோம். அடுத்த வெடியில் மறுபடி நீளும். இப்படிப் போய்வந்தால், அடிப்பகுதிக்குச் சற்று மேலே கூட்டின் சுவர் உள்பக்கமாக மெலிந்துகொண்டே வரும். ஒருநாள் அங்கேயே துண்டாகும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் செங்குத்தாகச் சிறிது மடக்கி, அரத்தில் கூராக்கிக்கொள்ளுங்கள். அதைக் கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரோடு ஒட்டி மெல்ல மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் ஓர் இடத்தில் டக்கென்று பள்ளத்தில் விழுந்து ஏறும். வெளியே அதே உயரத்தில் மங்கலாக ஒரு பளபளப்பு வளையமும் தெரியலாம். அப்படிப்பட்ட கூட்டை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டும். டையை அடிவரை இறக்காமல், போல்ட் லேசாக மூடும் அளவுக்கு மட்டும் தோளைத் தள்ளினால் கூடும் நிறைய நாள் வரும். ஒரு கூடு எத்தனை முறை தாங்கும் என்று கட்டுரையாளர் சொல்லும் எண்ணிக்கையைவிட இந்தக் கம்பி நம்பகமானது.

சரி, வேகத்துக்கு வருவோம். அமெரிக்கக் கம்பெனித் தோட்டா 140 கிரெயின் எடையுள்ள குண்டை நொடிக்கு ஏறத்தாழ 2,660 அடி வேகத்தில் தள்ளும். கட்டுரையாளர் பாடுபட்டுச் சேர்ப்பது இன்னும் 100 அடி. ரைபிளை 100 கெஜத்துக்குக் குறி வைத்திருந்தால், அந்த 100 அடியால் 200 கெஜத்தில் குண்டு விழும் உயரம் ஓர் அங்குலம்கூட மாறாது. வெள்ளைவால் மானின் உயிர்நிலை ஏறத்தாழ ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. அந்த 100 அடி வேகம் மானுக்குத் தெரியப் போவதில்லை. அதைவிட வேகம்தான் வேண்டும் என்றால் இன்னும் வேகமான .280 ரெமிங்டன் தோட்டாவுக்கான ரைபிளை வாங்கிவிட்டுப் போகலாமே.

நான் அதிகம் சண்டை போட நினைப்பது கட்டுரையில் உள்ள டார்கெட் படங்களோடுதான். ஒவ்வோர் அளவுக்கும் மூன்று குண்டு சுட்டு, எது நெருக்கமாக விழுந்ததோ அதுவே இந்த ரைபிளுக்குப் பிடித்த அளவு என்று முடிவு கட்டியிருக்கிறார். இங்கே ரேஞ்சிலும் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், செய்துவிட்டுப் படத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டும் திரிகிறார்கள். ஆனால் கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. ஒரே ரைபிள், ஒரே தோட்டா, டார்கெட்டில் மூன்று குண்டுத் துளைகள் சேர்ந்த கூட்டத்தின் சராசரி அகலம் ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அதே ரைபிள் பத்துக் குண்டு சுட்டால் சராசரி அகலம் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று மேலே போகும். ரைபிளோ தோட்டாவோ கெட்டுப்போகவில்லை, மூன்று குண்டு முழு உண்மையைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒரே அளவில் நிரப்பி மூன்று மூன்றாகச் சுட்டாலும், ஒரு கூட்டம் அரை அங்குலத்திலும் இன்னொன்று ஒன்றரையிலும் விழத்தான் செய்யும். அதில் சிறியதைப் பொறுக்கியெடுத்து அதற்கு ஓர் அளவின் பெயரைச் சூட்டுவதால் என்ன பயன்? வேட்டை ரைபிளின் குழல் மெல்லியது, பத்தையும் தொடர்ந்து சுட்டால் சூடேறி அலையும் என்பது நியாயமான கவலை. மூன்று மூன்றாகவே ஆற விட்டுச் சுடுங்கள். டார்கெட்டுகளைக் குறிப்புள்ளியில் பொருத்தி ஒன்றின்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டு அளவுகளுக்கு இடையே வித்தியாசம் இருந்தால் அப்போது தெரியும். பெரும்பாலும் இருக்காது.

அளவை மாற்றுவதைவிடக் குண்டை மாற்றினால் இந்தத் தோட்டாவில் பலன் அதிகம். முதலில் இதற்கென்று செய்தது 173 கிரெயின் எடையுள்ள, உருண்டை மூக்குள்ள நீளமான குண்டு. அதற்கேற்பத்தான் பழைய குழல்களில் குண்டைச் சுழல வைக்கும் மரை தொடங்கும் முன் நீண்ட இடம் விட்டார்கள், மரையையும் 220 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று என்று வேகமாக முறுக்கினார்கள். யானை வேட்டைக்காரர் கரமோஜோ பெல் ஆப்பிரிக்காவில் அத்தனை யானைகளைச் சாய்த்ததும் இந்தக் கனத்த குண்டால்தான், வேகத்தால் அல்ல. 140 கிரெயின் கூர்முனைக் குண்டு இந்தக் குழலில் மரையைத் தொடுமுன் நெடுந்தூரம் தாவ வேண்டியிருக்கும். வெளியே தள்ளிப் பொருத்தலாம் என்றால் மேகசின் நீளம் தடுக்கும். என் பழைய ரைபிளில் 160, 175 கிரெயின் குண்டுகள் சமத்தாக விழுகின்றன. மற்றவர் ரைபிளுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது, ஆனால் சோதனையை அங்கிருந்து தொடங்கச் சொல்வேன்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனிக்காலத்தில் உச்சம் வரை ஏற்றிய தோட்டா கோடையில் காருக்குள் கிடந்து சூடேறினால் அழுத்தம் கூடும். மருந்துக்கு மருந்து இது மாறுபடும். அந்தக் காலத்தில் இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பிய பெரிய ரைபிள் தோட்டாக்கள் சிலவற்றில் கார்டைட் என்ற அக்கால வெடிமருந்தைக் குறைத்தே நிரப்பினார்கள், வெப்பத்தில் கூடு சேம்பரில் சிக்கிக்கொள்ளக் கூடாதென்று. எதிரில் புலி நிற்கும்போது போல்ட்டை உதைத்துத் திறக்க யாருக்கு நேரம்?

உங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருப்பவர்கள். அங்கே உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம், வேட்டையோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாலும் அதன் 1991 திருத்தத்தாலும் முடிந்த கதை. கட்டுரையின் தலைப்பிலேயே அதைச் சொல்லியிருக்கலாம். அந்த அட்டவணையை அடுத்த இதழில் திரும்பப் பெறும்படியும் கேட்டுக்கொள்கிறேன். மிச்சமெல்லாம் கருத்து வேறுபாடு, அச்சில் வந்த அந்த அளவுகள் அப்படியல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா

பி.கு.: ஜிம் கார்பெட்டின் ரிக்பி என்று இரட்டைக் குழல் ரைபிள் ஒன்றின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக 1907-ல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி, மவுசர் போல்ட் வைத்த ஒற்றைக் குழல் ரைபிள். அதன் தோட்டாவும் இதே 7x57-தான்.