பச்சைக் கதிரும் வெஸ்லேயும்

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் போடுகிறேன், திட்டிக்கொள். எல்லோரும் நலம். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவன் இன்னும் கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான்.

நீ அனுப்பிய, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் பேராலய வீடியோ என்னைத் தூங்கவிடவில்லை. பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில் பச்சை ஒளி ஒன்று பிரசங்க மேடையில் இருக்கும் இயேசுவின் மேல் விழுகிறதாம், இடைக்காலச் சிற்பிகளின் ரகசியமாம். மேடை 1485ஆம் ஆண்டினது, சரி. ஒளி வரும் கண்ணாடியோ 19ஆம் நூற்றாண்டில் வைத்தது. 1970களில்தான் பேச்சே கிளம்பியது. இதற்கா எட்டுப் பேருக்கு ஃபார்வர்ட் செய்தாய்? நம் கணக்கு வாத்தியார் இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார்.

உனக்கு வேண்டியது அதே பிரான்சில் இருக்கும் வெஸ்லே. அங்குள்ள மக்தலேனா மரியாள் ஆலயத்தின் நடுக்கூடம் 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்தது. ஜூன் 21ஐ ஒட்டிய நாட்களில், சூரியன் உச்சிக்கு வரும்போது, தெற்குச் சுவரின் மேல் ஜன்னல்கள் வழியே வரும் ஒளி நடைபாதையின் சரிநடுவில், கோலப்புள்ளி வைத்தாற்போல் பீடத்தை நோக்கி வரிசையாக விழுகிறது. டிசம்பரில் அதே ஒளி எதிர்ச்சுவரின் உயரத்தில், தூண்தலைச் சிற்பங்களின் மேல். இதை 1976இல் கவனித்துச் சொன்னவர் அங்கிருந்த பிரான்சிஸ்கன் துறவி உக் தெலோத்ர்.

தற்செயல்தானே என்பாய். அந்த அட்சரேகையில் கோடை உச்சிச் சூரியன் அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 66 பாகையில் நிற்கும், குளிர்காலத்தில் 19தான். ஜன்னல் உயரமும் கூடத்தின் அகலமும் பொருந்திவிட்டால் யாரும் திட்டமிடாமலே இது நடக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்மண்டபத்திலிருந்து உள்ளே போகும் நடுவாசலின் தூணில் நிற்பவர் யார் தெரியுமா? இயேசுவுக்கு முழுக்குக் கொடுத்த திருமுழுக்கு யோவான். அவர் விழா ஜூன் 24, பகல் குறையத் தொடங்கும் காலம். கிறிஸ்து பெருக வேண்டும், தான் சிறுக வேண்டும் என்றவரும் அவரே. பழைய ஜூலியன் நாட்காட்டி பிசகியதால், ஆலயம் எழுந்த காலத்தில் அந்த விழா பகல் மிக நீண்ட உண்மையான உச்சநாளைவிட ஒன்பது நாள் பிந்தி வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்த ஒன்பது நாளில் சூரியன் அரைப் பாகைகூட இறங்காது, ஒளிப்புள்ளி ஒரு சாண்கூட நகராது. திட்டமிட்டுத்தான் செய்திருக்கிறார்கள் என்பது என் கட்சி, எழுத்து ஆதாரம் கேட்காதே.

அப்புறம், கமலா போனபிறகு நீ வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை என்று மணி சொன்னான். எனக்கு அது பிடிக்கவில்லை, சேகர். ஜூனில் நான் வெஸ்லே போகிறேன், நீயும் வா. மலைமேல் ஊர், மூட்டுவலி என்று ஆரம்பிக்காதே, மெதுவாக ஏறலாம். பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டதா என்று மட்டும் இந்த வாரமே பார்த்துச் சொல்.

உன்,
ராமு