சித்திரை விழாவுக்குத் துப்பாக்கி வேண்டாம்: நம் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயற்குழுவினருக்கு,

வணக்கம். இங்கே டெக்சாஸில், நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. போன வாரம் வாட்ஸப் குழுவில் நீங்கள் போட்ட அறிவிப்பைப் படித்ததிலிருந்து தூக்கம் சரியில்லை, அதனால்தான் எழுதுகிறேன். துப்பாக்கி வைத்திருக்கும் தன்னார்வலர்கள் பெயர் கொடுக்கலாம், சித்திரை விழாவுக்கு அவர்களை வைத்துப் பாதுகாப்புக் குழு அமைக்கிறோம் என்று போட்டிருந்தீர்கள். தயவுசெய்து அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். நான் கேட்பது இது ஒன்றுதான்.

அன்று நான் மேடையோரத்தில் உட்கார்ந்து மகளின் தாவணிக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மேசையின் கால் மடங்கி, சாம்பார்த் தட்டுகளோடு படாரென்று கீழே விழுந்தது. வாசல் பக்கம் நின்ற நம் அண்ணன் ஒருவர் ஜிப்பாவைத் தூக்கி இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவிவிட்டார். சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் திரும்பிய பக்கமெல்லாம் துப்பாக்கியும் திரும்பியது. ஒரு நொடி மேடைப் பக்கமும் திரும்பியது. மேடையில் கோலாட்டக் குச்சியோடு பதினொரு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். என் கையிலிருந்த ஊக்கு மகளின் தோளில் ஏறியதைக்கூட நான் கவனிக்கவில்லை. அவளும் கத்தவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அண்ணன் மிக நல்ல மனிதர். என் பிள்ளைகளை எத்தனையோ சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குக் காரில் கூட்டிப் போயிருக்கிறார். அப்புறம் என்னிடம் வந்து, கை நடுக்கம் அடங்காமலே மன்னிப்புக் கேட்டார். அவ்வளவு நல்லவருக்கே சாம்பார்த் தட்டுச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும் பிரித்துத் தெரியவில்லை. உண்மையிலேயே ஒருவன் சுட ஆரம்பித்து, நானூறு பேர் அலறி ஓடும்போது அவருக்கு என்ன தெரியும்?

உங்கள் பயம் எனக்கும் உண்டு. 2023 மே 6 அன்று நம் டெக்சாஸிலேயே, ஆலன் ஊரின் அவுட்லெட் மாலில் 8 பேர் கொல்லப்பட்டபோது நாம் எல்லோரும் ஒருவருக்கொருவர் போன் போட்டு, "எங்கே இருக்கீங்க, பத்திரமா?" என்று கேட்டோம். ஹைதராபாத்திலிருந்து வந்து வேலை பார்த்த ஒரு பெண்ணும் அதில் போய்விட்டார். அன்று கொலையாளியை வீழ்த்தியது வேறு வேலையாக அங்கே வந்திருந்த ஒரு போலீஸ்காரர்.

கூட்டத்தில் செயலாளர், டெக்சாஸின் ஒயிட் செட்டில்மென்ட் என்ற ஊரில் தேவாலயத்துக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டைச் சொன்னார். 2019 டிசம்பர் 29, தேவாலயத்தின் பாதுகாப்புக் குழுவினர் ஆறே நொடியில் கொலையாளியை வீழ்த்திவிட்டார்கள் என்றார். உண்மைதான். ஆனால் அவனைச் சுட்டு வீழ்த்தியவர் யார் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அவர் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பவர், சொந்தமாகச் சுடுதளம் நடத்தியவர், ஷெரிஃப் துறையில் ரிசர்வ் டெபுடியாக, அதாவது துணைக் காவலராக இருந்தவர். அப்படியும் இருவர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அதே பாதுகாப்புக் குழுவில் இருந்தவர், தன் துப்பாக்கியை உருவிக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டார். அந்த வீடியோவை முழுதாகப் பாருங்கள். எல்லாம் முடிந்த பிறகும் பலர் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வருவது தெரியும். அந்த நேரத்தில் போலீஸ் உள்ளே நுழைந்திருந்தால்?

இதற்கு விடை கொலராடோவில் ஆர்வாடா என்ற ஊரில் இருக்கிறது. 2021 ஜூன் 21. ஒருவன் ஒரு போலீஸ் அதிகாரியைச் சுட்டுக் கொன்றுவிட்டு, பெரிய ரைஃபிளோடு நடந்து வந்தான். பக்கத்துக் கடையிலிருந்த ஜானி ஹர்லி, வயது 40, கைத்துப்பாக்கியோடு வெளியே ஓடிவந்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். குறி தப்பவில்லை. பிறகு அந்த ரைஃபிளைக் கையில் எடுத்தார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்த இன்னொரு போலீஸ்காரருக்குத் தெரிந்தது ரைஃபிளோடு நிற்கும் ஒரு ஆள் மட்டும்தான். சுட்டார். ஹர்லி இறந்துபோனார். காவல்துறைத் தலைவரே அவரை வீரர் என்றார். சுட்ட போலீஸ்காரர் மேல் வழக்கில்லை, அவர் செய்தது நியாயமே என்று அரசு வழக்கறிஞர் முடிவு செய்தார். 2023இல் நகராட்சி 28 லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்தை முடித்துக்கொண்டது. எல்லாம் சரியாகச் செய்த ஒருவருக்கு நேர்ந்தது இது.

ஹர்லி வெள்ளைக்காரர். 2018 நவம்பரில் அலபாமாவில் ஹூவர் என்ற ஊரின் மாலில் துப்பாக்கி வெடித்தபோது, கையில் துப்பாக்கியோடு இருந்த 21 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. குண்டுகள் பின்பக்கமாகப் பாய்ந்ததாகக் குடும்பம் ஏற்பாடு செய்த பிரேதப் பரிசோதனை சொன்னது. முதலில் அவரையே குற்றவாளி என்று அறிவித்தார்கள். சுட்டவன் வேறு ஆள் என்று பிறகு சொன்னார்கள். நம் அண்ணன்மார் எந்த நிறம், எந்தத் தாடி, பதற்றத்தில் எந்த மொழியில் கத்துவார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாசலில் நுழையும் போலீஸுக்கு நம் பாதுகாப்புக் குழுவின் பெயர்ப் பட்டியல் தெரியாது.

இன்னொன்று. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை ஏதும் இல்லாத, 21 வயது நிரம்பியவர் உரிமமும் பயிற்சியும் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். ஆகவே "வைத்திருக்கிறேன்" என்று பெயர் கொடுப்பவர் ஒரு குண்டாவது சுட்டுப் பழகியவரா என்று உங்களுக்குத் தெரியாது. நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறார்கள்? அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதையே மத்திய சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பையன்களின் கிரீன் கார்டுக்கு யார் பொறுப்பு?

கோபப்படக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பொங்கலன்று பின்கதவை நாற்காலி அடுக்கும் ஸ்பீக்கர் பெட்டியும் அடைத்துக்கொண்டிருந்தன. முதலுதவிப் பெட்டியில் காலாவதியான களிம்பும் நாலு பிளாஸ்திரியும் இருந்தன. மகளின் தோளுக்குப் பஞ்சு தேடி நானே திறந்து பார்த்தேன். ஊரிலிருந்து பாடகரை வரவழைக்கப் பணம் இருந்தது. போலீஸ்காரர் ஒருவரை அமர்த்தப் பணம் இல்லையாம்.

பணி நேரத்துக்கு வெளியே, சீருடையோடு வரும் போலீஸ்காரரை மணிக்கணக்கில் அமர்த்திக்கொள்ளலாம். இங்கே பல தேவாலயங்கள் செய்வதுதான். செலவை நுழைவுச்சீட்டில் ஏற்றுங்கள், நான் முதல் ஆளாகக் கொடுக்கிறேன். அரங்கக்காரர்களிடம் கேட்டு, துப்பாக்கி கூடாது என்ற சட்டப்படியான பலகைகளை வாசலில் வைக்கச் சொல்லுங்கள். பின்கதவுகளைத் திறக்கும்படி வையுங்கள். ரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுத்தரும் வகுப்பு ஒன்றரை மணி நேரம்தான், பெற்றோர் இருபது பேரைச் சேர்த்துத் தருவது என் பொறுப்பு. உதவ நினைக்கும் அண்ணன்மார் அங்கே வரட்டும்.

அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள் என்று மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கோலாட்டத்துக்கு மகளின் பெயரைக் கேட்டு டீச்சர் இரண்டு முறை செய்தி அனுப்பிவிட்டார். உங்கள் பதில் வந்த பிறகு சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் ஒன்பது ஆண்டு உறுப்பினர், ஒரு தாய்