பணி ஆணைக்கு முன் படகுப் பட்டறையைப் பாருங்கள்

புதிய பயணிகள் படகுக்கான ஒப்பந்தப்புள்ளிகளைப் பரிசீலிக்கும் குழுவினர் அவர்களுக்கு,

வணக்கம். பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் அணை நீர்த்தேக்கத்தின் கரையிலுள்ள எங்கள் படகுத்துறைக்கு மீண்டும் ஒரு படகு வாங்கப்படவிருக்கிறது என்றும், விலைப்புள்ளி உறைகள் இந்த மாதமே பிரிக்கப்படும் என்றும் அறிந்து எழுதுகிறேன். பழைய படகின் வரலாறு தங்கள் கோப்புகளில் இருக்கும். அதில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

அந்தப் படகு வந்த இரண்டாவது மழைக்காலத்திலேயே அடிப்பகுதியில் கண்ணாடியிழை கொப்பளித்து, ஏடு ஏடாகப் பிரியத் தொடங்கியது. அக்கரையில் கொளத்தூர் பக்கம் படிக்கப் போகும் பிள்ளைகள், யாரும் சொல்லாமலே தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை இருவர், செவ்வாய்க்கிழமை இருவர் என்று, கரை சேரும்வரை சாப்பாட்டு டப்பாவின் மூடியால் தண்ணீர் இறைப்பார்கள். என் அண்ணன் மகளுக்கு வியாழக்கிழமை. அன்றைக்கு மட்டும் புத்தகப் பையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, முழங்கால்வரை நனைந்த சீருடையோடு போய், மாலைவரை அப்படியே வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். "வியாழன் வராமலே இருந்தால் நல்லது சித்தப்பா" என்று ஒருமுறை சொன்னாள். இப்போது படகு கரையேறிவிட்டது; அதன் நிழலில் ஆடுகள் படுக்கின்றன. பிள்ளைகள் பரிசலில் போகிறார்கள்; காற்று பலமாக அடிக்கும் நாளில் பெரும்பாலை, மேச்சேரி, மேட்டூர் என்று சுற்றிப் போகிறார்கள், அல்லது போவதில்லை.

படகைக் கட்டிக் கொடுத்தவரைத் தேடிப் போனவர்களில் நானும் ஒருவன். ஒப்பந்தத்தில் இருந்த முகவரியில் ஒரு தகரக் கொட்டகையும், வெயிலில் அடுக்கிவைத்த நீர்த்தொட்டிகளும் இருந்தன. எங்களுடையதுதான் அவர்கள் செய்த முதல் படகு என்று அங்கிருந்த இளைஞர் பெருமையாகவே சொன்னார். பணி ஆணைக்கு முன் ஒருவர், ஒரே ஒரு நாள், அந்தக் கொட்டகைக்குப் போயிருந்தால் போதும்.

ஒசூரில் 22 ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஒரு வாஷர் செய்து தருபவருக்கு முதல் ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே அவருடைய பட்டறைக்குப் போவோம்; எந்திரம் சொந்தமா வாடகையா, அளவுக் கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, கையில் எத்தனை வேலை நிலுவையில் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வோம். சில காசு பெறும் வாஷருக்கு இருக்கும் இந்த மரியாதை, பிள்ளைகளைச் சுமக்கும் படகுக்கு இல்லை.

போய்ப் பார்த்தால் அரை நாளில் பல விஷயங்கள் தெரிந்துவிடும். கண்ணாடியிழையை ஒட்டும் பிசினும் அதை இறுகவைக்கும் கடினமாக்கியும் எடை போட்டுக் கலக்கப்படுகின்றனவா, கண்ணளவில் ஊற்றப்படுகின்றனவா. ஈரக்காற்று புகாத கூடத்தில் ஏடுகள் ஒட்டப்படுகின்றனவா, திறந்த வெளியிலா. முன்பணத்தை வாங்கி இன்னொருவருடைய படகை முடிக்கும் பழக்கம் உண்டா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும், விலைப்புள்ளியில் தெரியாது. முன்பு கட்டிய படகுகள் ஓடும் துறைகளுக்கும் சென்று, அதிகாரியை விட்டுவிட்டு, ஓட்டுபவரைக் கேளுங்கள். தெரிந்த எடைகளைப் படகில் இடம் மாற்றி வைத்து, அது எவ்வளவு சாய்கிறது என்று அளக்கும் நிலைத்தன்மைச் சோதனையைப் பட்டறைக்காரர்கள் இதுவரை யாரைக் கொண்டு செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்து 45 பேரைப் பலிகொண்டது பழைய ஓட்டைப் படகு அல்ல. ஓடத் தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகாத புதிய கண்ணாடியிழைப் படகு. இறந்தவர்களில் நம் மாநிலத்தவர் பலர்.

குறைந்த விலையைத்தான் ஏற்க வேண்டும் என்று சட்டம் சொல்வதாகப் பதில் வரக்கூடும். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் சொல்வது, ஆவணத்தில் குறிப்பிட்ட அளவுகோல்களின்படி மதிப்பிட்ட பிறகு கண்டறியப்படும் குறைந்த விலையை. அந்த அளவுகோல்களில் பட்டறை ஆய்வையும் சேர்ப்பதற்கு எது தடை?

பழைய படகின் தொடக்க விழாக் கல்வெட்டு மட்டும் இன்றும் துறையில் கீறல் விழாமல் நிற்கிறது. நம் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கருங்கல். பெயர்கள் பளிச்சென்று தெரிகின்றன. கல் வாங்கும்போது மட்டும் யாரோ பட்டறைக்குப் போய்ப் பார்த்துத்தான் வாங்கியிருக்க வேண்டும். மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன்.

கேட்பது இதுதான்: உறையைப் பிரித்து விலையைப் பார்ப்பதற்கு முன், விண்ணப்பித்த ஒவ்வொருவரின் பட்டறைக்கும் நேரில் செல்லுங்கள், பார்த்ததை எழுதி, துறையிலுள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஊர் சார்பில் ஒருவரை உடன் அழைத்துச் சென்றால் நன்றியுடையவர்களாக இருப்போம். வாகனத்தில் இடமில்லை என்றால் என் செலவில் பேருந்தில் வந்துவிடுகிறேன். முகவரியை மட்டும் முன்னதாகத் தெரிவிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வியாழக்கிழமைக்காரியின் சித்தப்பா